சிகரெட்டை நிறுத்திய பிறகு வரும் நாட்கள்

சிகரெட்டை ஒரேயடியாக விடப்போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்கும் கேள்வி, "காலையில் கண் முழித்து எவ்வளவு நேரத்தில் முதல் தம்?" என்பதுதான். ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்பதைவிட இதில் அதிகம் தெரிந்துவிடும். எழுந்து அரைமணி நேரத்துக்குள் பற்றவைக்கிறவர் என்றால் உடம்பு நிகோடினுக்கு நன்றாகவே பழகிவிட்டது என்று அர்த்தம். 5 நிமிஷத்துக்குள் என்றால் கேட்கவே வேண்டாம். நான் அந்த 5 நிமிஷ ஆள். பல் தேய்ப்பதற்கு முன்னாலேயே பால்கனியில் நிற்பேன். இருபது வருஷத்துக்கு மேல் அப்படித்தான் ஓடியது.

ஏன் விட வேண்டும் என்று இங்கே எழுதப்போவதில்லை. பிடிக்கிற ஒவ்வொருவருக்கும் அது தெரியும். விட்ட பிறகு வரும் இரண்டு மூன்று வாரங்களில் உடம்பும் மனசும் என்னவெல்லாம் செய்யும், எது எப்போது வரும், எப்போது போகும் என்பதைத்தான் யாரும் விவரமாகச் சொல்வதில்லை. எனக்கு அது முன்கூட்டியே தெரிந்திருந்தது. அதனால்தான் தாங்க முடிந்தது என்று உறுதியாக நம்புகிறேன். உள்ளே எரியும்போது, "இது மூன்றாம் நாள் வர வேண்டிய எரிச்சல், வந்திருக்கிறது" என்று தெரிவது பெரிய பலம். தெரியாவிட்டால் "என் சுபாவமே மாறிவிட்டது, இனி வாழ்க்கை முழுக்க இப்படித்தான்" என்று தோன்றும். அந்த எண்ணம்தான் மறுபடி கடைக்கு அனுப்பி வைக்கும்.

நானும் என் தம்பியும் ஒரே தேதியில் நிறுத்தினோம். அவன் சிகரெட்டைத் தொட்டவன் இல்லை, மெல்லும் புகையிலை. அவனுடைய கன்னத்தின் உள்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு இருப்பதைப் பல் டாக்டர் பார்த்துவிட்டு, கொஞ்சம் திசுவை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். புற்றுநோய் இல்லை, ஆனால் புகையிலையைத் தொடர்ந்தால் அந்தப் பக்கம் போகலாம் என்று முடிவு வந்தது. அன்று ராத்திரி போன் பண்ணினான். "அண்ணே, நான் நிறுத்தணும். தனியா முடியாது. நீயும் கூட வா." அதற்கு மேல் எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

ஏன் படிப்படியாகக் குறைக்கவில்லை என்று பலர் கேட்டார்கள். குறைத்துக்கொண்டே வரும்போது மிச்சமிருக்கும் சிகரெட்டின் மதிப்பு ஏறிக்கொண்டே போகும். மத்தியானம் ஒன்று, ராத்திரி ஒன்று என்று வைத்துக்கொண்டால் நாள் முழுக்க அந்த இரண்டையும் நினைத்தே ஓடும். இது என் அனுபவ அறிவு. ஆய்வும் இதே பக்கம்தான் நிற்கிறது. இங்கிலாந்தில் சுமார் 700 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவை ஒரே நாளில் நிறுத்தச் சொன்னார்கள், இன்னொரு பிரிவை இரண்டு வாரத்தில் குறைத்து நிறுத்தச் சொன்னார்கள். 2016-ல் முடிவு வெளியானது. 4 வாரம் கழித்துப் பார்த்தபோது, ஒரேயடியாக நிறுத்தியவர்களில் 49 சதவீதம் பேர் புகைக்காமல் இருந்தார்கள். குறைத்து நிறுத்தியவர்களில் 39 சதவீதம். 6 மாதம் கழித்து 22, 15 என்று இரண்டுமே இறங்கியிருந்தன, ஆனாலும் ஒரேயடி பிரிவு முன்னால்தான் இருந்தது.

இந்த ஆய்வைச் சொல்கிறவர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். அதில் இரண்டு பிரிவினருக்கும் நிகோடின் பேட்ச் கொடுத்தார்கள், கூடவே நர்ஸ்கள் ஆலோசனையும் சொன்னார்கள். ஒரேயடியாக விடுவது என்றால் எந்த உதவியும் இல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பது என்று பொருள் இல்லை. மன உறுதியை மட்டும் நம்பி விடுகிறவர்களில் ஒரு வருஷம் தாண்டுகிறவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான். மருந்தும் ஆலோசனையும் சேரும்போது அது கணிசமாக உயர்கிறது. எனக்குப் பேட்ச் ஒட்டிய இடமெல்லாம் தோல் சிவந்து தடித்துவிட்டது. தாடை மூட்டில் பழைய வலி இருப்பதால் நிகோடின் சூயிங் கம்மும் வேண்டாம் என்றார் டாக்டர். அதனால்தான் நான் வெறுங்கையோடு இறங்கினேன். வாய்ப்பு இருக்கிறவர்கள் தயவுசெய்து உதவியை எடுத்துக்கொள்ளுங்கள்.

தலைக்குள் நடப்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இது தெரிந்தால் மற்றதெல்லாம் புரியும். இழுத்த புகையிலிருந்து நிகோடின் மூளைக்குப் போய்ச் சேர 10 முதல் 20 விநாடி போதும். அங்கே அசிட்டைல்கொலின் என்ற வேதிப்பொருளுக்காக இருக்கும் ஏற்பிகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். டோபமைன் சுரக்கும், ஒரு சின்ன நிம்மதி வரும். இது திரும்பத் திரும்ப நடக்கும்போது மூளை அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. ஒரு சிகரெட்டுக்கு 10 இழுப்பு என்று வைத்தால், நாளைக்கு 20 பிடிப்பவருக்கு 200 முறை, வருஷத்துக்கு 73,000 முறை இது நடக்கிறது. இரத்தத்தில் நிகோடின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதியாகக் குறையும். குறையக் குறைய அந்த ஏற்பிகள் காலியாகி நச்சரிக்கத் தொடங்கும். அடுத்த சிகரெட் அந்த நச்சரிப்பை அடக்கும். நாம் இதை "டென்ஷன் குறைந்தது" என்று எடுத்துக்கொள்கிறோம். அந்த டென்ஷனில் பெரும்பகுதியை உண்டாக்கியதே முந்தைய சிகரெட்தான்.

நிறுத்திய இரண்டு மூன்று நாளில் நிகோடின் உடம்பிலிருந்து கிட்டத்தட்ட முழுசாகப் போய்விடும். அதனால்தான் அந்த இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சம். அதன்பிறகு இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலான அறிகுறிகள் அடங்கிவிடும். கூடிப்போன ஏற்பிகள், புகைக்காதவர்களின் அளவுக்கு இறங்க 6 முதல் 12 வாரம் ஆகிறது என்று மூளையைப் படம் எடுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

இன்னொன்று, இது பயந்தவர்களுக்கு. குடியில் ஊறிப்போனவர்கள் திடீரென்று குடியை நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம், டாக்டர் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது. நிகோடின் அப்படிப்பட்டது இல்லை. படுத்தி எடுக்கும், ஆனால் அந்தத் தவிப்பு உயிரை வாங்காது. ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டிலில் உட்கார்ந்து இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நிறுத்தும் தேதிக்கு முந்தின நாள் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன். இன்னும் இரண்டு மூன்று வாரத்துக்கு நான் சிடுசிடுப்பேன், காரணம் நீங்கள் இல்லை என்று. என் மனைவி அழுத்தமாக ஒரு ஏற்பாடு சொன்னாள். "நீங்க குரலை உசத்தினா நான் வேற ரூமுக்குப் போயிடுவேன். பின்னாடியே வராதீங்க. நான் கோச்சுக்கிட்டேன்னும் நினைக்காதீங்க." எங்கள் வீட்டில் அந்த நாட்களைக் காப்பாற்றியது இந்த ஏற்பாடுதான். விடப்போகிறவரின் வீட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் இதுதான். அந்த நேரத்தில் வாதாடாதீர்கள், சமாதானமும் சொல்லாதீர்கள், கொஞ்சம் தள்ளி இருங்கள். பத்து நிமிஷம் கழித்து அதே ஆள் சாதாரணமாகப் பேசுவார்.

லைட்டர், சாம்பல் கிண்ணம் எல்லாம் குப்பைக்குப் போயின. பால்கனித் திரையையும் கோட்டையும் துவைத்தோம். பழைய பையின் அடியில் ஒரு பெட்டி கிடக்கும், அதையும் தேடி எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் மூன்றாம் நாள் அது இருக்கும் இடம் தானாக ஞாபகம் வரும்.

முதல் நாள் நான் பயந்த அளவுக்கு இல்லை. ஒரு பரபரப்பு இருந்தது, உற்சாகம் இருந்தது, அதிலேயே ஓடிவிட்டது. அடுத்த நாள் மத்தியானத்திலிருந்து ஆரம்பித்தது.

என் வேலை அச்சகத்தில் புரூஃப் பார்ப்பது. அந்த வாரம் மேஜையில் இருந்தது ஒரு கணக்குப் பாடநூலின் விடைப் பக்கங்கள். பக்கத்துக்கு நாலு பத்தி, வெறும் எண்கள். வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்துக்கொண்டு, மூலத்தையும் புரூஃபையும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். மூலத்தில் 0.375 என்று படிப்பேன். கண்ணை அந்தப் பக்கம் திருப்புவதற்குள் எண் போய்விடும். மறுபடி மூலம், மறுபடி புரூஃப். ஸ்கேல் நகரவே நகராது. பக்கத்து மேஜைக்காரர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுவார், அந்த டக் டக் சத்தம் மண்டைக்குள் இறங்கும். எழுந்து போய் அந்தப் பேனாவைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிய வேண்டும் போல் இருந்தது. உள்ளங்கை வியர்த்து, ஸ்கேலின் ஓரத்தில் மை ஈஷிக்கொண்டது.

மனதைக் குவிக்க முடியாமல் போவது நிகோடின் விலகலின் முக்கியமான அறிகுறிகளில் ஒன்று. இது எனக்கு முன்பே தெரியும் என்பதால் மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். அந்தச் சில நாட்கள் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் மூலத்தை உரக்க வாசித்தான், நான் புரூஃபை மட்டும் பார்த்தேன். இருபது நிமிஷம் வேலை, அப்புறம் எழுந்து மாடிப்படி ஏறி இறங்குவது. முடிந்தவர்கள் அந்த மூன்று நாளில் பெரிய முடிவு, நுணுக்கமான வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். சனி, ஞாயிறு நடுவில் வருகிற மாதிரி தேதி பார்த்தால் இன்னும் நல்லது. நீண்ட தூரம் வண்டி ஓட்டுவதைத் தள்ளிப்போடுங்கள்.

இப்போது காபி. இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். சிகரெட் புகையில் உள்ள தார்ப் பொருட்கள், காஃபீனைச் சிதைக்கும் கல்லீரல் நொதி ஒன்றைத் தூண்டிவிடுகின்றன. அதனால் புகைப்பவர் உடம்பிலிருந்து காஃபீன் வேகமாக வெளியேறும், அவர் அதிகமாகக் குடிப்பார், ஒன்றும் ஆகாது. சிகரெட்டை நிறுத்தியதும் அந்த நொதி சில நாட்களில் சாதாரண அளவுக்கு இறங்கிவிடுகிறது. குடிப்பது அதே அளவு காபிதான், ஆனால் இரத்தத்தில் தங்கும் காஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, பதற்றம். இவையெல்லாம் அப்படியே நிகோடின் விலகல் மாதிரியே இருக்கும். "சிகரெட் இல்லாமல் நெஞ்சு அடித்துக்கொள்கிறது" என்று நினைத்து நொந்துபோகிறவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் காபிதான் காரணமோ. நான் நிறுத்திய நாளிலிருந்தே காபியைப் பாதியாக்கினேன், மத்தியானத்துக்கு மேல் அறவே இல்லை.

தம்பிக்கு இந்தத் தொல்லை வரவில்லை. அவன் புகையை இழுத்தவன் இல்லையே, நொதியைத் தூண்டுவது புகை, நிகோடின் இல்லை. வழக்கம்போலக் காபி குடித்துவிட்டு நன்றாகத் தூங்கினான். அதே ராத்திரிகளில் நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதே காரணத்தால் சில மருந்துகளின் அளவும் மாறும். மனநோய்க்குக் க்ளோசபின், ஓலன்சபின், ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் சாப்பிடுகிறவர்கள் புகையை நிறுத்தினால் மருந்து இரத்தத்தில் கூடிவிடலாம். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களும் தேதி குறித்தவுடன் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

தூக்கத்துக்கு வருகிறேன். சுலபமாகத் தூக்கம் வந்துவிடும், ஆனால் நடுராத்திரியில் விழிப்பு வந்துவிடும். கனவுகள் ரொம்பத் தெளிவாக இருக்கும். கனவில் சிகரெட் பிடிப்பேன். புகையின் சூடு தொண்டையில் தெரியும். திடுக்கிட்டு எழுந்து, எல்லாம் போச்சே என்று மனசு உடைந்து, விரலை மோந்து பார்ப்பேன். வாசனை இருக்காது. நிறுத்தியவர்களில் நிறைய பேருக்கு இந்தக் கனவு வருகிறது, மாதக்கணக்கில்கூட வருகிறது. மனசு பழையதைக் கேட்கிறது என்று இதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ளாதீர்கள். விழித்ததும் வரும் அந்தப் பதைப்பைப் பாருங்கள், நீங்கள் இதை எவ்வளவு காப்பாற்ற விரும்புகிறீர்கள் என்று அதிலேயே தெரியும்.

உடம்பில் சில்லறையாக வந்தவற்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். மலச்சிக்கல் வரும், ஏனென்றால் குடலைத் தூண்டிக்கொண்டிருந்தது நிகோடின். தண்ணீர், நார்ச்சத்து, நடை போதும். வாயில் புண் வரலாம். தலை லேசாகச் சுற்றும். இருமல் குறையும் என்று பார்த்தால் முதலில் கூடும். மூச்சுக்குழாயில் இருக்கும் நுண் இழைகள் மறுபடி வேலை செய்யத் தொடங்கிச் சளியை மேலே தள்ளுவதால் அப்படி ஆகிறது. இரத்தம் கலந்து வந்தாலோ வாரக்கணக்கில் நீடித்தாலோ காட்டிவிட வேண்டும்.

உச்ச நாட்கள் தாண்டிய பிறகு தவிப்பின் தன்மை மாறியது. நாள் முழுக்க இருந்த அரிப்பு போய், குறிப்பிட்ட இடங்களில் மட்டும் வந்து தாக்கியது. போன் பேசி வைத்ததும் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். ஒரு பக்கம் முடித்துக் கையெழுத்துப் போட்டதும் கால் தானாக எழும். தினமும் தீனி வைத்துப் பழக்கிய நாய், நிறுத்திய பிறகும் அதே நேரத்துக்கு வாசலில் வந்து நிற்குமே, அப்படித்தான். வைக்காமல் இருந்தால் வருவது குறையும், ஒரு நாள் வைத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

ஒரு தவிப்பு உச்சத்தில் நிற்பது சில நிமிஷங்கள்தான். மூன்று முதல் ஐந்து, சில சமயம் பத்து. அந்த நேரம் தானாகவே கழியும், சிகரெட் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். அதனால் அந்த நிமிஷங்களுக்கு என்ன செய்வது என்பதை முன்பே முடிவு பண்ணி வைத்துக்கொள்ள வேண்டும், அந்த நேரத்தில் யோசிக்க மூளை ஒத்துழைக்காது. எனக்கு உதவியது வேக நடை. ஐந்து நிமிஷம் வேகமாக நடந்தாலே தவிப்பு குறைகிறது என்பது சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம், எனக்கு அது ஒவ்வொரு தடவையும் வேலை செய்தது. நடக்க முடியாத இடத்தில் மூச்சு. மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்து வாயால் விடுவது. சிகரெட் பிடிக்கும்போது நாம் பண்ணுவதும் இதே மூச்சுதான், அந்த நிம்மதியில் ஒரு பங்கு மூச்சுக்குச் சேர வேண்டியது. ஒரு டம்ளர் தண்ணீரை வாய் வாயாகக் குடிப்பதும் நேரத்தைக் கடத்தும். குடி இருக்கும் கூட்டங்களைச் சில மாதங்களுக்குத் தவிர்த்துவிடுங்கள். வைராக்கியத்தோடு இருந்த பலர் சறுக்கியது அங்கேதான்.

என் மகள் தினமும் சாயங்காலம் ஒரு கேள்வி கேட்பாள். "அப்பா, இன்னிக்கு எவ்வளவு?" பத்துக்கு எவ்வளவு கஷ்டம் என்று நான் ஒரு எண் சொல்ல வேண்டும், அதைக் காலண்டரில் பென்சிலால் எழுதி வைப்பாள். ஆரம்பத்தில் 9, 9, 8. அப்புறம் 6, 5 என்று இறங்கி, ஒரு நாள் 2-க்கு வந்தது. திடீரென்று மறுபடி 8. அன்று ராத்திரி வெகுநேரம் அச்சகத்தில் இருந்து, பசியோடும் அசதியோடும் வீட்டுக்கு வந்திருந்தேன். அந்த 8 என்னைக் கலக்கிவிட்டது, இவ்வளவு தூரம் வந்தும் இன்னும் இப்படியா என்று. மகள் காலண்டரைக் காட்டினாள். எட்டுக்கு முன்னால் வரிசையாக 3, 2, 3 என்று இருந்தது. மறுநாளும் 3-தான். மேலும் கீழுமாகத்தான் இறங்கும், ஆனால் இறங்கும். இதை நம்புவதற்கு எழுத்தில் ஒரு சாட்சி வேண்டியிருந்தது எனக்கு.

மூன்றாவது வாரம் பற்றிப் பெரும்பாலோர் பேசுவதில்லை. எரிச்சல் அடங்கிவிடும், தூக்கம் திரும்பிவிடும், எல்லோரும் பாராட்டிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். உள்ளே ஒரு வெறுமை மட்டும் மிஞ்சும். எதிலும் ருசி இல்லை, அழுகை வருகிற மாதிரி இருக்கும், காரணம் இருக்காது. டோபமைனுக்குப் பழகிய பாதை அடைபட்டு, மூளை பழைய நிலைக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் நேரம் இது. எனக்கு அந்த வாரத்தில்தான் உண்மையான ஆபத்து வந்தது. உடம்பு கேட்கவில்லை, ஆனால் "ஒன்றே ஒன்று, பழைய ஞாபகத்துக்கு" என்று மனசு மெல்லிய குரலில் பேசியது. 2006-ல் வெளியான ஒரு ஆய்வில், ஒன்றிரண்டு இழுப்பிலேயே மூளையின் அந்த ஏற்பிகளில் பாதி நிரம்பிவிடுவதையும், ஒரு முழு சிகரெட்டில் ஏறக்குறைய எல்லாமே நிரம்பிவிடுவதையும் பார்த்திருக்கிறார்கள். ஒன்றே ஒன்று என்பது மூளையைப் பொறுத்தவரை சின்ன அளவே இல்லை. ஆனால் யாராவது அப்படி ஒன்று பிடித்துவிட்டால் எல்லாம் பாழ் என்று பெட்டியை வாங்கிவிடக் கூடாது. அந்த ஒன்றோடு நிறுத்தி, அன்றே தொடர வேண்டும். மனச்சோர்வுக்கு முன்பு சிகிச்சை எடுத்தவர்களும், சோர்வு நாளுக்கு நாள் ஆழமாகிறவர்களும் தாமதிக்காமல் டாக்டரைப் பார்க்க வேண்டும், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த வெறுமை நிரந்தரம் இல்லை என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014-ல் வெளியான ஒரு தொகுப்பில், விட்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் மன அழுத்தமும், தொடர்ந்து புகைத்தவர்களைவிடக் குறைந்திருந்தன. சிகரெட் இருந்தால்தான் நிம்மதி என்று இருபது வருஷம் நம்பியவன் என்பதால் இந்த முடிவை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

எடை ஏறும். முதல் வருஷத்தில் சராசரியாக நாலைந்து கிலோ, ஆளுக்கு ஆள் நிறைய வித்தியாசப்படும். நிகோடின் பசியை அடக்கி வைத்திருந்தது, உடம்பு எரிக்கும் சக்தியையும் சற்றே கூட்டியிருந்தது, இரண்டும் போய்விட்டன. முதல் மாதத்திலேயே எடையோடும் மல்லுக்கு நிற்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு நேரத்தில் ஒரு சண்டை போதும். வயது ஆகிவிட்டது, இனி விட்டு என்ன என்று சொல்கிறவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். பிரிட்டனில் 34 ஆயிரத்துச் சொச்சம் ஆண் மருத்துவர்களை 1951 முதல் 50 வருஷம் பின்தொடர்ந்தார்கள். புகைத்துக்கொண்டே இருந்தவர்கள் சராசரியாகப் பத்து வருஷ ஆயுளை இழந்தார்கள். 40 வயதில் விட்டவர்கள் அதில் 9 வருஷத்தையும், 50-ல் விட்டவர்கள் 6 வருஷத்தையும், 60-ல் விட்டவர்கள்கூட 3 வருஷத்தையும் மீட்டுக்கொண்டார்கள்.

தம்பியின் கதை என்னுடையதைவிட நிதானமாகப் போனது. அவனும் எழுந்ததும் புகையிலையை வாயில் போடுகிறவன் என்பதால் 4 மில்லிகிராம் நிகோடின் கம் கொடுத்தார்கள். முதல் நாள் சாதாரண சூயிங் கம் மாதிரி விடாமல் மென்றுவிட்டு, விக்கலும் வயிற்றெரிச்சலுமாகப் போன் பண்ணினான். "அண்ணே, இது ஒரே காரமா இருக்கு, எனக்கு ஒத்துக்கலை." டாக்டரிடம் கேட்டபோதுதான் முறை புரிந்தது. காரம் தெரியும் வரை மெதுவாக நாலைந்து தடவை மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைத்துவிட வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி கொஞ்சம் மெல்ல வேண்டும். இப்படி ஒரு அரைமணி நேரம். நிகோடின் வாயின் உள்தோல் வழியாகத்தான் ஏற வேண்டும், விழுங்கினால் வயிற்றைத்தான் படுத்தும். காபி, பழச்சாறு குடித்துக் கால்மணி நேரத்துக்குள் கம் போட்டால் அந்த அமிலத்தில் நிகோடின் சரியாக ஏறாது. "கம் பயன் இல்லை" என்று தூக்கிப்போட்ட பலர் இந்த முறையைக் கேட்டிருக்கவே மாட்டார்கள். கம்மைத் தவிர வேரனிக்ளின், புப்ரோப்பியான் போன்ற மாத்திரைகளும் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இவை எல்லாவற்றையும், கூடவே ஆலோசனையையும், பரிந்துரைத்திருக்கிறது. எது யாருக்குப் பொருந்தும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஆரம்பத்தில் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, ஆறு வாரம் கழித்து இடைவெளியைக் கூட்டுவது, ஏறக்குறைய மூன்று மாதத்தில் முடிப்பது என்று அவனுக்குக் கணக்கு கொடுத்திருந்தார்கள். அவன் இன்னும் முழுசாக முடிக்கவில்லை, ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒன்று வேண்டியிருக்கிறது, அதையும் 2 மில்லிகிராமுக்குக் குறைத்திருக்கிறான். டாக்டர் அவசரப்படுத்தவில்லை. புகையிலையில் இருந்த மற்ற விஷங்கள் வாயை விட்டுப் போய்விட்டன, கம்மை மெதுவாகக் குறைக்கலாம் என்கிறார். போன முறை காட்டப் போனபோது கன்னத்துத் திட்டு பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. புகையிலையை நிறுத்தினால் பல பேருக்கு அது தானாகக் குறையுமாம், இருந்தாலும் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அடுத்த தேதி கொடுத்திருக்கிறார்கள்.